வியாழக்கிழமை விருந்தாளி

வெர்டெல் டாக்கெட் புது வீட்டுக்குக் குடிவந்த அன்றுதான் அவள் தம்பிக்கு அந்த வீட்டுக்குள் நுழையத் தடை விழுந்தது. சோபாவின் ஒரு முனையைத் தம்பி லின்வுட் பிடித்திருந்தான். மறுமுனை என் கையில். வாசலில் நின்ற காவலாளி அடையாள அட்டை கேட்டான். நான் வளாகத்தை நிர்வகிக்கும் கம்பெனியின் ஆள் என்பதால் என்னைக் கண்டுகொள்ளவில்லை. லின்வுட் சோபாவை முழங்காலில் தாங்கிக்கொண்டு, சட்டைப் பையைத் துழாவி அட்டையை எடுத்துக் கொடுத்தான். காவலாளி அதைக் கணினியில் தட்டினான். லின்வுட் செய்த குற்றமும் அதற்கு அனுபவித்த ஆறு வருடச் சிறையும் இரண்டே நிமிடத்தில் திரைக்கு வந்துவிட்டன.

"நீ உள்ள வரக்கூடாது," என்றான் காவலாளி.

"நான் குடிவரலப்பா. சோபாதான் குடிவருது."

"சோபா வரலாம்."

அவன் கேலி செய்யவில்லை. விதியைச் சொன்னான். மீதி வழிக்கு சோபாவை நானும் அந்தக் காவலாளியும்தான் தூக்கிக்கொண்டு போனோம். மறுநாள் வெர்டெலுக்குக் கடிதம் வந்தது. லின்வுட் டாக்கெட் என்பவர் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கிறார். அவர் இந்த வளாகத்துக்குள் காலடி வைத்தால் அத்துமீறலாகக் கருதப்படும். அவரை அழைத்த குடியிருப்பாளரின் ஒப்பந்தமும் ரத்தாகும். கடிதத்தின் தலைப்பில் 'உங்கள் புதிய சமூகத்துக்கு நல்வரவு' என்று அச்சடித்திருந்தது.

என் பெயர் ஹாரஸ் டில்லரி. சிகாகோவின் தெற்குப் பக்கத்தில் ஹார்கிரோவ் குடியிருப்பு இருந்த காலத்தில் இருபத்திரண்டு வருடம் அங்கே கொதிகலன் பார்த்தவன். பதினாறு மாடியில் ஏழு கட்டடங்கள். குடியிருந்தவர்கள் அத்தனை பேரும் என்னைப் போலவே கறுப்பர்கள். அவற்றை இடித்துவிட்டு, அதே மண்ணில் மூன்று மாடி செங்கல் வீடுகளாகக் கட்டி, 'ஓக் மெடோ' என்று பெயர் வைத்தார்கள். ஓக் மரம் ஒன்றுகூட இல்லை. மெடோ என்றால் புல்வெளி, அதுவும் கிடையாது. ஏழை, நடுத்தரம், வசதிக்காரர் மூன்று பேரும் அடுத்தடுத்த கதவில் வாழ வேண்டும் என்பது திட்டம். வசதிக்காரர்களைப் பார்த்துப் பார்த்து ஏழைகள் திருந்திவிடுவார்கள் என்று யாரோ எங்கேயோ ஆராய்ந்து எழுதியிருந்தார்களாம். நிர்வாகத்தைப் பிரைஸ் மெல்ட்டன் என்ற கம்பெனியிடம் கொடுத்தார்கள். பழைய கட்டடத்தின் குழாய் எது எங்கே ஓடுகிறது என்று தெரிந்தவன் என்பதற்காக என்னை எடுத்துக்கொண்டார்கள். பழைய குழாய் எதுவுமே மிஞ்சவில்லை என்பதை நானும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

இடிப்பதற்கு முன்பு எல்லாக் குடும்பத்துக்கும் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். 'திரும்பி வரும் உரிமை' என்று அதற்குப் பெயர். எழுநூறு சொச்சம் குடும்பங்கள் அதைப் பத்திரமாக வைத்திருந்தன. எட்டு வருடம் கழித்து வீடுகள் தயாரானபோது உரிமையோடு நிபந்தனைகளும் சேர்ந்து வந்தன. வாரம் முப்பது மணி நேரம் வேலை இருக்க வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனைக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். இப்போது வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கு ஆள் வந்து, சுத்தமாக இருக்கிறதா என்று அடுப்புக்குப் பின்னால் பார்ப்பார். பிறகு ஆறு வாரம் வகுப்பு: அக்கம்பக்கத்தாரோடு எப்படிப் பழகுவது. எழுநூறில் அறுபத்தொரு குடும்பம் தேறியது.

அதில் வெர்டெல் முதலாவது. ஹார்கிரோவின் பதினோராவது மாடியில் முப்பத்தொரு வருடம் இருந்தவள் அவள். லிஃப்ட் பாதி நாள் ஓடாது. படியேறி வரும் ஒவ்வொரு மாடியிலும் யார் வீட்டில் காய்ச்சல், யாருக்குப் பேறுகாலம் என்று விசாரித்துக்கொண்டே ஏறுவாள். பள்ளி உணவுக்கூடத்தில் பரிமாறும் வேலை. ஐநூறு பிள்ளைகளில் யாருக்குக் கடலை ஒத்துக்காது என்று மனப்பாடமாகத் தெரியும். அப்படிப்பட்டவளை நாற்காலியில் உட்கார வைத்து, இருபத்துநாலு வயசுப் பெண் ஒருத்தி, பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தால் புன்னகைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள்.

"கத்துக்கிட்டியா?" என்று கேட்டேன்.

"பல்லு தெரியணுமாம், ஆனா ரொம்பத் தெரியக்கூடாதாம்," என்றாள் வெர்டெல். "சர்டிஃபிகேட் குடுத்தாங்க. லேமினேஷன் பண்ணி!"

லின்வுட் சிறையிலிருந்து வந்த சமயம் கட்டடத்தை இடிக்கும் கான்ட்ராக்டர் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார். யாருடைய கடந்த காலத்தையும் கேட்காத ஒரே வேலை அதுதான். தான் வளர்ந்த கட்டடத்தைக் கூலிக்கு இடித்துவிட்டு, சாயங்காலம் அக்கா வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் வந்து சாப்பிடுவான். "நம்மளது நல்லாக் கட்டின வீடு டெல்," என்று அவன் அக்காவிடம் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. "இரும்புக் குண்டு மூணு தடவ அடிச்சும் அசையல. நாலாவதுலதான் சாஞ்சுது." அவன் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. அந்த எட்டு வருடமும் அக்காவும் தம்பியும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். ஓக் மெடோ வந்ததும் பிரிந்தார்கள். லின்வுட் ரொட்டித் தொழிற்சாலையில் பகல் வேலைக்குச் சேர்ந்து, அடுப்பு இல்லாத ஓர் அறையில் தங்கிக்கொண்டான்.

தண்டனை பெற்றவர்கள் உள்ளே வரக்கூடாது என்ற அந்த விதி வாடகைக்காரர்களுக்கு மட்டும்தான். வெர்டெலுக்கு நேர் மேலே பல் டாக்டர் பெல்ஹாம் இருந்தார். வீடு அவர் சொந்தம். அவருடைய மச்சான் ஒருவர் வரி ஏய்ப்பில் மாட்டித் தண்டனை பெற்று, கணுக்காலில் கருப்புப் பட்டையோடு அவர் வீட்டில் தங்கியிருந்தார். வீட்டை விட்டு வெளியே போனால் பட்டை போலீசுக்குச் சொல்லிவிடும். அதனால் பால்கனியிலேயே இருப்பார். நல்ல மனிதர். கீழே வெர்டெலைப் பார்த்தால் கோப்பையைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பார். வகுப்பில் சொன்ன அளவுக்குப் பல் தெரிய வெர்டெலும் சிரிப்பாள்.

தம்பிக்கு அவள் சூடு ஆறாமல் சோறு போட முடிந்த ஒரே இடம் எதிர்ப்பக்கத்து பஸ் நிறுத்தம். தெருவின் அந்தப் பாதி நகராட்சிக்குச் சொந்தம், கம்பெனிக்கு அல்ல. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் தட்டில் கோழியும் கீரையும் சோளரொட்டியும் வைத்து, ஈயத்தாள் மூடி, தெருவைக் கடந்து போவாள். அவன் பெஞ்சில் உட்கார்ந்து மடியில் வைத்துச் சாப்பிடுவான். ஜனவரியில் கையுறையோடு சாப்பிடுவான். பஸ் வந்து நின்று கதவைத் திறக்கும். அவன் கையசைத்து அனுப்பிவிடுவான். இப்படிப் பதினாலு மாதம்.

இந்த நேரத்தில்தான் வெர்டெல் பிரபலமானாள்.

ஓக் மெடோவைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வேறு ஊர்களின் வீட்டு அதிகாரிகள், பேராசிரியர்கள், கொரியா, டென்மார்க் என்று எங்கிருந்தெல்லாமோ. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு பஸ் வரும். வாசலில் மேஜை போட்டுப் பெயர் அட்டைகளை அடுக்கி வைப்பது என் வேலை. குப்பைத் தொட்டிகளைப் பின்பக்கம் தள்ளுவதும் என் வேலைதான். வந்தவர்களுக்கு உண்மையான பழைய குடியிருப்பாளர் ஒருவரின் வீட்டைக் காட்ட வேண்டும். மேலாளர் மிஸ் ஹால்ஸ்ட்ராம் வெர்டெலைத் தேர்ந்தெடுத்தாள். முப்பது வயது தாண்டாத பெண். கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். இந்தத் திட்டத்தை மனசார நம்பியவள். அவளிடமிருந்து வந்த கடிதத்தில் 'விருப்பமிருந்தால் மட்டும்' என்று இருந்தது. அதற்கு அடுத்த வரியில் ஒப்பந்தம் புதுப்பிக்கும் தேதி இருந்தது.

வெர்டெலுக்கு விருப்பம் வந்தது.

வாரா வாரம் பன்னிரண்டு பேர் அவள் வீட்டுக்குள் வந்தார்கள். குளியலறையை எட்டிப் பார்த்தார்கள். ஜன்னல் திரையைத் தொட்டுப் பார்த்தார்கள். "உங்க வாழ்க்கை எப்படி மாறியிருக்கு?" என்று கேட்டார்கள். "அமைதியா இருக்கு," என்பாள் வெர்டெல். அது உண்மைதான். யாரும் வராத வீடு அமைதியாகத்தான் இருக்கும்.

ஒரு வியாழக்கிழமை டென்மார்க்காரர் ஒருவர் அவளைக் கேட்காமலே ஃபிரிட்ஜைத் திறந்து, உள்ளே இருந்த மீந்த பன்றிக்கறியைக் குனிந்து பார்த்துக் குறித்துக்கொண்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை, சொட்டுகிற குழாயைப் பார்க்க நான் போயிருந்தேன். வெர்டெல் என் தலைக்கு மேல் நின்றுகொண்டு பேச ஆரம்பித்தாள்.

"எவன் எவனோ வந்து என் ஃபிரிட்ஜத் தொறந்து பாக்குறான் ஹாரஸ். அவன் பேரு என்னான்னுகூட எனக்கு வாயில வரல. என் தம்பி வந்து ஒரு வாய் சாப்பிடக்கூடாதாம்."

"விதி வெர்டெல்."

"வர வியாழக்கெழம லின்னுக்கு அம்பது முடியுது. அம்பதாவது பொறந்தநாளுக்கும் பஸ் ஸ்டாப்புலயா சாப்பாடு போடுவேன்?"

நான் குழாயை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

"மேஜையில அட்ட அடுக்குறது நீதான?"

"ஆமா."

"எல்லாரும் வந்து எடுத்துக்குறாங்களா? மிஞ்சுமா?"

குழாயை விட்டுவிட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். கேட்டது என்னவென்று புரிந்துவிட்டது. புரியாத மாதிரி இருந்திருக்கலாம். எனக்கு ஓய்வுக்கு மூன்று வருடம் இருந்தது.

"ரெண்டு மூணு மிஞ்சும்," என்றேன்.

"உன்னோட சர்ச் கோட்டு அவனுக்குச் சரியா இருக்கும்," என்றாள் அவள். அதையும் முன்பே யோசித்து வைத்திருந்திருக்கிறாள்.

அந்த வாரம் நகரத்தில் ஏதோ மாநாடு. பல ஊர்களிலிருந்து வந்தவர்கள், ஒருவரை ஒருவர் தெரியாது. மூன்று பஸ்கள். அட்டைகளில் நாலு மிஞ்சின. அதில் பெரிய எழுத்தில் இருந்த ஒன்றை எடுத்துக்கொண்டேன்: 'க்ளிஃபர்ட் ஏம்ஸ், ஆணையர்.' ஒஹையோவில் ஏதோ ஒரு சிற்றூர். பஸ் நிறுத்தத்தில் என் சாம்பல் நிறக் கோட்டோடு உட்கார்ந்திருந்த லின்வுட்டிடம் போய் அதை மாட்டிவிட்டேன்.

"ஆணையர்னா என்ன பண்ணணும்?" என்று கேட்டான்.

"ஒண்ணும் பண்ணக்கூடாது. தலைய மட்டும் ஆட்டு."

வாசலில் அதே காவலாளி. பதினாலு மாதத்துக்கு முன்பு இவன் முகத்தைப் பார்த்துத் தடைப்பட்டியலில் ஏற்றியவன். அவன் இப்போது முகத்தைப் பார்க்கவில்லை. அட்டையைப் பார்த்தான், கோட்டைப் பார்த்தான், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். "வாங்க சார். பாத்து வாங்க, படி இருக்கு."

மிஸ் ஹால்ஸ்ட்ராம் முதல் பன்னிரண்டு பேரை வெர்டெலின் வீட்டுக்கு அழைத்துப் போனாள். விளக்கு மாற்றுகிற சாக்கில் ஏணியோடு நானும் போனேன். உள்ளே வெண்ணெயும் வெங்காயமும் மணந்தது. வெர்டெல் முந்தின நாளே சமைத்துவிட்டிருந்தாள். தம்பியை ஒருமுறை பார்த்தாள். பிறகு அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"மிஸ் டாக்கெட் எங்களோட பெருமை," என்று மிஸ் ஹால்ஸ்ட்ராம் தொடங்கினாள். தன் வழக்கமான பேச்சைப் பேசினாள். லின்வுட் தலையாட்டவில்லை. அவன் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். இடிக்கிறவனுக்கு அது பழக்கம். ஒரு இடத்தில் தட்டினான், நகர்ந்து இன்னொரு இடத்தில் தட்டினான்.

"என்ன பாக்குறீங்க கமிஷனர்?" என்று ஒரு நார்வேக்காரப் பெண்மணி கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. முன்னாடி இங்க இருந்த கட்டடத்துல செவுரு ஒம்போது அங்குலம், கான்கிரீட்டு. இது வெறும் அட்ட. அந்தப் பக்கம் தும்முனா இந்தப் பக்கம் கேக்கும்."

"பழைய கட்டடம் உங்களுக்குத் தெரியுமா?"

"இடிக்கிற பக்கத்துல இருந்தேன்," என்றான் லின்வுட். அதில் ஒரு பொய்யும் இல்லை.

மற்றவர்கள் எல்லோரும் குறிப்பேட்டைத் திறந்தார்கள். அவன் இப்போது நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஆறு வருடம் சிறையில், எட்டு வருடம் இடிபாட்டில், அப்புறம் ரொட்டித் தொழிற்சாலையில் என்று இருந்தவனை ஒரு அறை முழுக்க மனிதர்கள் பேனாவோடு கேட்பது அதுதான் முதல் தடவை. அவன் அக்கா பக்கம் திரும்பினான்.

"மிஸ் டாக்கெட், உங்களுக்குச் சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா?"

"ஒரு தம்பி," என்றாள் வெர்டெல்.

"வந்துபோவாரா?"

வெர்டெல் மிஸ் ஹால்ஸ்ட்ராமைப் பார்த்தாள். மிஸ் ஹால்ஸ்ட்ராம் முந்திக்கொண்டாள். "எங்ககிட்ட ஒரு விருந்தினர் கொள்கை இருக்கு கமிஷனர். குற்றப் பின்னணி உள்ளவங்க வளாகத்துக்குள்ள வர்றதில்ல. குடியிருக்கறவங்க பாதுகாப்புக்காக."

"உங்களுக்குப் பாதுகாப்பா இருக்கா மிஸ் டாக்கெட்?"

"அவன் வராததுனால கோழி மிஞ்சுது," என்றாள் வெர்டெல். "இப்பவும் அடுப்புல இருக்கு. நீங்கல்லாம் காலையில கெளம்பினவங்க. உக்காருங்க, ஒரு வாய் சாப்டுட்டுப் போலாம்."

அப்படி ஒன்று நிகழ்ச்சி நிரலில் இல்லை. மிஸ் ஹால்ஸ்ட்ராம் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆனால் குழுவில் இருந்த ஒரு கொரியாக்காரர் ஏற்கெனவே மூடியைத் திறந்து முகர்ந்துகொண்டிருந்தார். வெர்டெல் முதல் தட்டை நிறைத்து சோபாவில் உட்கார்ந்திருந்த லின்வுட் கையில் கொடுத்தாள். "கமிஷனருக்கு முதல்ல." குழம்பில் ஊறிய கோழித்தொடை, கீரை, சோளரொட்டி. அவன் தட்டை மடியில் வைத்துக்கொண்டான். பழக்கம். நாலு வாய் சாப்பிட்டதும் அவன் கண் நிறைந்துவிட்டது. "மிளகாச் சாறு கொஞ்சம் அதிகம்," என்று நார்வேக்காரியிடம் சொல்லிக் கைக்குட்டையை எடுத்தான். மேஜையில் இருந்த மிளகாய்ச் சாறு பாட்டிலை அவன் தொடவே இல்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கடைசியில் வெர்டெல் ஒரு கேக்கை எடுத்து வந்து மேஜையில் வைத்தாள். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு இன்னைக்குப் பொறந்தநாள்," என்றாள். யாருக்கு என்று எவரும் கேட்கவில்லை. அவரவர் நாட்டு வழக்கப்படி ஒரு வாழ்த்தைச் சொல்லிவிட்டு ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டார்கள். கம்பெனியின் படக்காரன் வெர்டெலையும் கமிஷனரையும் சேர்த்து நிற்க வைத்துப் படம் எடுத்தான். இருவரும் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். "ரொம்ப இயல்பா இருக்கு, அப்படியே இருங்க," என்றான் அவன்.

அந்தப் படம் கம்பெனியின் வண்ணப் புத்தகத்தில் அட்டைப்படமாக வந்தது. கீழே, 'ஆணையர் க்ளிஃபர்ட் ஏம்ஸ் குடியிருப்பாளருடன் மனம் திறந்து உரையாடுகிறார்: இதுவே ஓக் மெடோ.' ஐயாயிரம் பிரதி அடித்து நிதி கொடுப்பவர்கள், நகர சபைக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினார்கள். கமிஷனர் ஏம்ஸுக்கும் ஒன்று போனது. அவரிடமிருந்து மூன்று வாரத்தில் மரியாதையான ஒரு கடிதம் வந்தது. படம் அழகாக வந்திருக்கிறது, ஆனால் அன்றைக்குத் தனக்குக் காய்ச்சல், ஓட்டல் அறையை விட்டே வரவில்லை, தவிரவும் தான் வெள்ளைக்காரன் என்று எழுதியிருந்தார்.

வெர்டெலை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அந்த அறையில் வெப்பக்குழாய் இரைச்சல் போடுகிறது என்று அதே நேரத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். யார் கூப்பிட்டது, எதற்கு என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மிஸ் ஹால்ஸ்ட்ராம் புத்தகத்தை மேஜைமேல் வைத்தாள். பக்கத்தில் கம்பெனி வக்கீல்.

"இது யாரு மிஸ் டாக்கெட்?"

"என் தம்பி."

வக்கீல் பேனாவைத் திறந்தார். வெர்டெல் மறுத்துப் பேசுவாள் என்று எதிர்பார்த்திருப்பார்.

"அந்த அட்டை அவருக்கு எப்படிக் கெடச்சுது?"

நான் குழாயின் திருகை இறுக்கினேன். அதை இறுக்க வேண்டிய தேவையே இல்லை.

"கீழ கெடந்துச்சு," என்றாள் வெர்டெல். "நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

நான்தான் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஓய்வுக்கு மூன்று வருடம் என்று முன்பே சொன்னேன் இல்லையா. அதைத் தவிர என்னிடம் வேறு காரணம் இல்லை.

"உங்க ஒப்பந்தத்த இப்பவே ரத்து பண்ணலாம், தெரியுமா?" என்றார் வக்கீல்.

"தெரியும். ஆறு வாரம் கிளாஸ்ல படிச்சேன். பண்ணுங்க. காரணம் எழுதணும் இல்ல? என்ன எழுதுவீங்க?"

வக்கீல் எழுதத் தொடங்கி நிறுத்தினார். தடைசெய்யப்பட்ட குற்றவாளி ஒருவன் வளாகத்துக்குள் புகுந்தான். அதற்குச் சான்று கம்பெனியே அச்சடித்த ஐயாயிரம் அட்டைப்படம். அதில் அவன் குடியிருப்பாளரோடு மனம் திறந்து உரையாடுகிறான். அந்தப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் பணம் ஒதுக்குவதாக ஒரு அறக்கட்டளை வேறு சொல்லியிருந்தது. வக்கீல் பேனாவை மூடினார்.

மிஸ் ஹால்ஸ்ட்ராம் மெதுவாகக் கேட்டாள். "ஏன் மிஸ் டாக்கெட்? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"நாலு தடவ எழுதிக் குடுத்தேன் கண்ணு. உன் கையெழுத்துப் போட்டு நாலு தடவையும் பதில் வந்துச்சு."

மிஸ் ஹால்ஸ்ட்ராமின் முகம் சிவந்துவிட்டது. அந்தப் பதில்களை அவள் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டாள்.

பத்து நாளில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தடையை எடுத்தால் மற்ற அறுபது குடும்பமும் கேட்கும். எடுக்காவிட்டால் அட்டைப்படம் கம்பெனியையே காட்டிக்கொடுக்கும். அதனால் லின்வுட் டாக்கெட் தடைப்பட்டியலில் அப்படியே இருப்பார். ஆனால் வியாழக்கிழமை பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரை, பார்வையாளர் குழுவோடு, வழிகாட்டியின் துணையுடன், 'சமூகப் பங்காளர்' என்ற அட்டை அணிந்து உள்ளே வரலாம். அந்த அட்டையில் அவன் சொந்தப் பெயர் இருந்தது. அதைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

"பன்னெண்டு மணிக்கு மேல நான் திரும்பக் குற்றவாளி ஆயிடுவேன் போல," என்றான்.

"பன்னெண்டுக்குள்ள சாப்புட்டு முடி," என்றாள் வெர்டெல்.

தொழிற்சாலையில் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டான். ஒரு வருடத்துக்கு மேல் இது நடந்தது. வியாழக்கிழமை தவறாமல் என் கோட்டில் வருவான். அதை நான் திருப்பிக் கேட்கவில்லை. பன்னிரண்டு அந்நியர்களுக்கு நடுவில் அக்காவின் சோபாவில் உட்கார்ந்து சாப்பிடுவான். அக்கா தம்பிக்குள் ஏதாவது தனியாகப் பேச வேண்டும் என்றால் அதையும் கேள்வி பதிலாகத்தான் பேசிக்கொள்ள வேண்டும்.

"மிஸ் டாக்கெட், உங்க முட்டி வலிக்கு டாக்டரப் பாத்தீங்களா?"

"பாத்தேன் மிஸ்டர் டாக்கெட். நீங்க சிகரெட்ட விட்டீங்களா?"

பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று பார்வையாளர்கள் சிலர் கேட்பார்கள். மிஸ் ஹால்ஸ்ட்ராம் ஒரு கணம் தயங்கிவிட்டு, "இங்க எல்லாருமே ஒரு குடும்பம் மாதிரி," என்பாள். போகப் போக லின்வுட் அவளைவிட நன்றாகவே சுற்றிக்காட்டத் தொடங்கினான். ஏதாவது ஒரு புள்ளிவிவரத்தில் அவளுக்குத் தடுமாற்றம் வந்தால் அவனைத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

பிறகு பஸ்கள் குறைந்தன. வடக்குப் பக்கத்தில் இன்னொரு குடியிருப்பைத் திறந்தார்கள். அங்கே மொட்டை மாடியில் தோட்டமும் தேன்கூடும் வைத்திருந்தார்களாம். எல்லோரும் அங்கே போனார்கள். அக்டோபரில் கடைசி பஸ் வந்தது. நவம்பர் முதல் வியாழக்கிழமை லின்வுட் கோட்டும் டையுமாக வந்து வாசலில் நின்றான். காவலாளிக்கே சங்கடமாகிவிட்டது.

"குழு இல்லாம விட முடியாது மிஸ்டர் டாக்கெட். நீங்க குழுவோடதான வரணும்?"

வெர்டெல் மிஸ் ஹால்ஸ்ட்ராமிடம் போனாள். மிஸ் ஹால்ஸ்ட்ராம் உண்மையிலேயே முயன்றாள் என்று நினைக்கிறேன். மேலிடத்துக்குத் தொலைபேசினாள், இரண்டு முறை எழுதினாள். நிகழ்ச்சி முடிந்துவிட்டதால் அட்டையும் முடிந்தது என்று பதில் வந்தது. புது அட்டைப்படத்தில் தேன்கூடு வந்துவிட்டிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை வெர்டெல் வீட்டைக் காலி செய்வதாக எழுதிக் கொடுத்தாள்.

"எட்டு வருஷம் காத்திருந்து வாங்கின வீடு!" என்றாள் மிஸ் ஹால்ஸ்ட்ராம். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "உங்களுக்கு அடுத்து வரிசையில எத்தன பேர் நிக்கிறாங்க தெரியுமா?"

"தெரியும். நல்ல வீடு. குழாய்கூடச் சொட்டல இப்ப. வர்றவங்க சந்தோஷமா இருக்கட்டும்."

காலி செய்பவர்களுக்கு ஒரு படிவம் உண்டு. காரணத்துக்கு நாலு கட்டம்: வெளியேற்றம், மரணம், விதிமீறல், தற்சார்பு. தம்பி என்று ஒரு கட்டம் இல்லை. மிஸ் ஹால்ஸ்ட்ராம் நாலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கடைசியில் இருந்ததில் குறி போட்டாள். அந்த வருட அறிக்கையை அலுவலகத்தில் நானே படித்தேன். அரசு உதவியிலிருந்து சொந்தக் காலில் நிற்கும் நிலைக்கு ஓக் மெடோ உயர்த்திவிட்ட முதல் குடியிருப்பாளர் என்று வெர்டெல் டாக்கெட்டின் பெயர் அதில் இருக்கிறது.

லின்வுட் பெயரில், இன்னும் தெற்கே தள்ளி, இரண்டு மாடி வீடு ஒன்றின் மேல்தளத்தை வாடகைக்குப் பிடித்தார்கள். வீட்டுக்காரக் கிழவர் அவனிடம் கேட்டது ஒரே கேள்விதான்: பனியை வாருவியா? வாருவேன் என்றான். வேலைக்குப் போக வெர்டெல் இரண்டு பஸ் மாற வேண்டும். குளியலறை ஜன்னல் சரியாக மூடாது. பிப்ரவரியில் மேல்கோட்டோடு உட்கார்ந்துதான் டிவி பார்த்தார்கள்.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். நான் உள்ளே நுழைந்ததும் சண்டை ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது. லின்வுட் ஈரச் செருப்போடு சமையலறைக்குள் வந்துவிட்டான் என்று தொடங்கியதாம். அங்கிருந்து அவன் குறட்டைக்குப் போய், அவள் சர்ச் பாட்டைக் காலங்காத்தாலே சத்தமாக வைப்பதில் வந்து நின்றிருந்தது.

"இது என் பேர்ல இருக்குற வீடு டெல்."

"அப்ப உன் பேர்லயே சமச்சுக்க."

அதோடு இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மேஜையில் ஒரு பக்கம் அவள், எதிரே அவன், நடுவில் நான்.

"ஹாரஸ், உப்ப இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு," என்றாள் வெர்டெல்.

"ஹாரஸ், உப்பு போதுமானதாத்தான் இருக்குன்னு சொல்லு," என்றான் லின்வுட்.

நான் எழுந்து உப்பை எடுத்து அவள் பக்கம் வைத்தேன். அவள் போட்டுக்கொள்ளவில்லை. பெரிய தொடையாகப் பார்த்து எடுத்து, அவன் முகத்தைப் பார்க்காமலே அவன் தட்டில் வைத்தாள். அவனும் நன்றி சொல்லாமல் சாப்பிட்டான். மணி பன்னிரண்டு தாண்டி, இரண்டும் தாண்டிவிட்டது. நான் நாலரை வரைக்கும் இருந்துவிட்டுத்தான் கிளம்பினேன். அப்போதும் அவர்கள் சமாதானமாகவில்லை.